சந்திரனுக்குக் குண்டு விட்ட மாயாஜாலக்காரர்

சந்திரனுக்கு மனிதனைப் போல் ஒரு முகம். அதன் ஒரு கண்ணில் பெரிய பீரங்கிக் குண்டு குத்திக்கொண்டு நிற்கிறது. சந்திரன் முகத்தைச் சுளிக்கிறது.

இந்தப் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். 1902-ம் ஆண்டில் வெளிவந்த "சந்திரப் பிரயாணம்" என்ற பிரெஞ்சுப் படத்தில் வரும் காட்சி இது. அதை எடுத்தவர் ஜார்ஜ் மெலியேஸ்.

பேய்ப் படம், மந்திரப் படம், விஞ்ஞானக் கற்பனைப் படம் ஆகிய மூன்றுக்கும் முதலில் பாதை போட்டவர்களில் இவரே முக்கியமானவர். பேய்க் கதைதானே, எப்படி எடுத்தால் என்ன என்று நினைக்கிறவர்கள் உண்டு. மெலியேஸ் அப்படி நினைத்தவர் அல்ல. ஒரு பொம்மைப் பிசாசின் தலையைச் செய்யக்கூட நாள் கணக்கில் மெனக்கெடுவார். அந்த மெனக்கெடல் அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. கடனையும் தேடித் தந்தது.

பூட்ஸ் கம்பெனிப் பிள்ளை

மெலியேஸ் 1861-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பூட்ஸ் தயாரிக்கும் தொழிற்சாலை நடத்தி வந்தார். நல்ல வசதியான குடும்பம். மூன்று ஆண் பிள்ளைகள். ஜார்ஜ்தான் கடைக்குட்டி.

பையனுக்குப் படிப்பை விடப் படம் வரைவதில் ஆசை. பாடப் புத்தகங்களில் எல்லாம் கிறுக்கி வைப்பான். பொம்மலாட்ட மேடை கட்டி விளையாடுவான். பெரியவனானதும் ஓவியக் கல்லூரியில் சேர விரும்பினார். தந்தை ஒப்பவில்லை. பூட்ஸ் கம்பெனிக்கு வாரிசு இருக்கும்போது தூரிகை எதற்கு? தொழிற்சாலையில் யந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் காமிராவைப் பிரித்துப் போட்டுப் பூட்டுவதற்கு அந்த வேலைதான் கை கொடுத்தது.

1884-ல் ஆங்கிலம் கற்று வரும்படி தந்தை அவரை லண்டனுக்கு அனுப்பினார். அங்கே எகிப்திய மண்டபம் என்று ஒரு அரங்கு. மாஸ்கலின் என்ற பெயர் பெற்ற மந்திரவாதி அங்கே தினமும் வித்தை காட்டுவார். மெலியேஸ் அங்கேயே பழி கிடந்தார். ஆங்கிலத்தோடு செப்பிடு வித்தையையும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.

மறு ஆண்டில் யூஜனி ஜெனின் என்ற பெண்ணை மணந்தார். 1888-ல் தந்தை தொழிலை விட்டு விலகினார். மெலியேஸ் தம் பங்கை அண்ணன்மாருக்கே விற்றார். அந்தப் பணத்தில் பாரிசில் இருந்த ராபர்ட் ஊடன் நாடக அரங்கை வாங்கினார். ராபர்ட் ஊடன் பிரான்ஸ் நாட்டின் மாபெரும் மந்திரவாதி. அவர் 1871-லேயே காலமாகிவிட்டார். அவர் செய்து வைத்திருந்த யந்திரப் பொம்மைகளும் மேடைத் தந்திரங்களும் அரங்கோடு சேர்ந்து வந்தன. மெலியேஸ் புதுப் புது வித்தைகளைச் சேர்த்து அந்த அரங்கை மறுபடியும் பிரபலமாக்கினார்.

அசையும் படம்

1895-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி. பாரிசில் ஒரு காபி ஓட்டலின் கீழ்த்தளத்தில் லூமியேர் குடும்பத்தார் தங்கள் அசையும் படத்தைக் காசுக்குக் காட்டினார்கள். மெலியேசும் அழைக்கப்பட்டிருந்தார். திரையில் குதிரை வண்டி நகர்ந்ததும் அவர் வாயடைத்துப் போனார்.

காட்சி முடிந்த உடனே அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார். பத்தாயிரம் பிராங்க் தருவதாகச் சொன்னார். லூமியேர் கொடுக்க மறுத்துவிட்டார். மெலியேஸ் சோர்ந்து போகவில்லை. லண்டனில் ராபர்ட் பால் என்பவர் செய்த படம் காட்டும் யந்திரத்தை வாங்கி வந்தார். அதைப் பிரித்துப் பார்த்து, அதே அமைப்பைக் கொண்டு படம் பிடிக்கும் காமிரா ஒன்றைச் செய்துவிட்டார். 1896-ம் ஆண்டில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட சிறு படங்களை எடுத்துத் தள்ளினார். பெரும்பாலானவை சுமார் ஒரு நிமிஷம் ஓடும்.

பஸ் சவ வண்டியானது

அவருடைய பெரிய தந்திரம் எப்படிக் கிடைத்தது என்பதற்கு அவரே பின்னாளில் ஒரு கதை சொன்னார். பாரிசில் ஒரு சதுக்கத்தில் தெருக்காட்சியைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். காமிராவில் பிலிம் சிக்கி நின்றுவிட்டது. சரிசெய்து மறுபடி ஓட்ட ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் தெருவில் வண்டிகள் மாறிவிட்டன. பிறகு அந்தப் படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தால், ஓடிக்கொண்டிருந்த பஸ் திடீரென்று சவ வண்டியாக மாறியதாம்! கதையில் கொஞ்சம் உப்புப் புளி சேர்ந்திருக்கலாம். மந்திரவாதி சொன்ன கதை அல்லவா?

எப்படியோ, தந்திரம் கைக்கு வந்துவிட்டது. நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். மெலியேஸ் துணியால் மூடுவார். காமிரா நிற்கும். பெண் எழுந்து போவாள். மெலியேஸ் மட்டும் ஆடாமல் அசையாமல் அதே நிலையில் நிற்பார். காமிரா மறுபடி ஓடும். துணியை எடுத்தால் பெண் இல்லை, எலும்புக்கூடு இருக்கும்!

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் காமிராவை நிறுத்தி ஓட்டும் இடத்தில் படம் ஒரு துள்ளல் துள்ளும். பார்க்கிறவர் கண்ணில் அது பட்டுவிட்டால் மாயம் போயிற்று. ஆகவே மெலியேஸ் அந்த இடத்துப் பிலிமை வெட்டி எடுத்து, இரு பக்கத்துக் கை கால்களும் பொருந்தும்படி ஒட்டுவார். ஒரு விரல் மாறியிருந்தாலும் தெரியும்.

அதே ஆண்டின் கடைசியில் "பிசாசு மாளிகை" என்ற மூன்று நிமிஷப் படத்தை எடுத்தார். வௌவால் ஒன்று பறந்து வந்து சாத்தானாக மாறும். எலும்புக்கூடு தோன்றும், மறையும். உலகத்தின் முதல் பேய்ப் படம் இதுதான் என்று சரித்திரக்காரர்கள் பலர் சொல்கிறார்கள்.

கண்ணாடி வீடு

1897-ல் பாரிசுக்குப் பக்கத்தில் மாந்த்ரேய் என்ற ஊரில், குடும்பத்துக்குச் சொந்தமான தோட்டத்தில், ஒரு ஸ்டூடியோ கட்டினார். சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. சூரிய வெளிச்சத்தில் படம் பிடித்த காலம் அது. மேகம் மறைத்தால் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

கதை எழுதுவது அவர். காட்சித் திரைகளுக்குப் படம் வரைவது அவர். இயக்குவதும் அவர். முக்கிய வேஷமும் பெரும்பாலும் அவருக்கே. சாத்தான் வேஷம் என்றால் தனி உற்சாகம்.

காட்சித் திரைகளை எல்லாம் சாம்பல் நிறத்திலேயே தீட்டுவார். இதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்துப் பிலிமில் சிவப்பு கறுப்பாக விழும். நீலம் வெள்ளையாக விழும். அழகாக வண்ணம் தீட்டினால் திரையில் அலங்கோலமாகிவிடும். அதனால் சுவர், மேஜை, உடை எல்லாவற்றுக்கும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாயல் சாயலாகத் தீட்டுவார்.

ஒரே ஆள் பல ஆளாகத் தோன்றுவதும் அவர் கைவரிசை. இரட்டை வேஷப் படங்களைப் பார்த்து நம் ஊரிலும் வியந்திருக்கிறோம். மெலியேஸ் 1900-ம் ஆண்டிலேயே ஏழு வேஷம் போட்டுவிட்டார். ஏழு மெலியேஸ்கள் ஏழு வாத்தியம் வாசிக்கும் படம் அது. ஒருமுறை வாசித்ததும் பிலிமைப் பின்னுக்குச் சுற்ற வேண்டும். அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து அதே பிலிமில் மறுபடி பிடிக்க வேண்டும். இப்படி ஏழு தடவை. ஆறு தடவை சரியாக அமைந்து ஏழாவது தடவை கை ஒன்று நாற்காலி தாண்டிப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்று கம்ப்யூட்டரில் அழித்துத் திருத்துவது போல அன்று திருத்த முடியாது.

சந்திரப் பிரயாணம்

1902-ல் எடுத்த "சந்திரப் பிரயாணம்" மூன்று மாத வேலை. சுமார் பத்தாயிரம் பிராங்க் செலவு. அக்காலத்தில் ஒரு படத்துக்கு இது மிகப் பெரிய தொகை. படம் ஓடுவதோ கால் மணி நேரத்துக்கும் குறைவு.

வானசாஸ்திரிகள் கூட்டம் கூடுகிறார்கள். பெரிய பீரங்கி செய்கிறார்கள். குண்டுக்குள் ஏறி உட்கார்ந்து சந்திரனுக்குப் போகிறார்கள். அங்கே சந்திரவாசிகள் பிடித்துக்கொள்கிறார்கள். தப்பி ஓடிக் கடலில் விழுந்து ஊர் சேர்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

சந்திரவாசிகளாக நடித்தவர்கள் கழைக்கூத்து ஆடுகிறவர்கள். குட்டிக்கரணம் போட, தலைகீழாகத் தாவ வேறு யாரால் முடியும்? அவர்களுக்கு வேண்டிய தலை, பாதம் முதலியவற்றை மெலியேஸ் தாமே களிமண்ணில் செய்து அச்சு எடுத்துக் கொடுத்தார். முகமூடி செய்கிறவர் அந்த அச்சில் அட்டையால் வார்த்தார்.

சந்திரன் மேலும் மேலும் பெரிதாகி நம்மை நோக்கி வருகிறதே, அது எப்படி? அவர் காமிராவைக் கிட்டே கொண்டுபோகவில்லை. சந்திரனைத்தான் காமிராவை நோக்கி நகர்த்தினார்! முகம் கலங்காமல் இருக்க, நகர்த்தும் வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும்.

சில பிரதிகளுக்கு வண்ணமும் தீட்டச் செய்தார். பாரிசில் துயிலியே அம்மையார் என்பவர் இதற்கென்றே ஒரு கூடம் நடத்தினார். இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு நிறம். நகக்கண் அளவு இடத்தில் மெல்லிய தூரிகையால் தொட வேண்டும். ஒரு படத்தில் இப்படி ஆயிரக்கணக்கான கட்டங்கள்.

இந்தப் படத்தின் விலையைக் கேட்டுத் திருவிழாக் கொட்டகைக்காரர்கள் பின்வாங்கினார்கள். மெலியேஸ் ஒரு கொட்டகைக்காரருக்கு ஒரு நாள் இரவு இலவசமாகவே கொடுத்தாராம். நடுநிசி வரை கூட்டம் கலையவில்லையாம். பிறகு விலையைப் பற்றிப் பேச்சு இல்லை.

திருட்டுப் பிரதி

படம் அமெரிக்காவுக்கும் போயிற்று. ஆனால் பணம் மெலியேசுக்கு வரவில்லை. அங்கே எடிசன் கம்பெனி, லூபின் கம்பெனி முதலியவை படத்தை வாங்கி, அதிலிருந்து திருட்டுப் பிரதி எடுத்து விற்று லாபம் சம்பாதித்தன. மின்சார விளக்கால் பெயர் பெற்ற எடிசனின் கம்பெனிதான்!

மெலியேஸ் தம் கம்பெனியின் நட்சத்திர முத்திரையைக் காட்சித் திரையிலேயே தெரியும்படி தீட்டி வைத்தார். 1903-ல் அண்ணன் காஸ்டனை நியூயார்க்குக்கு அனுப்பி அலுவலகம் திறந்தார். படப்பிடிப்பின்போதே இரண்டு நெகடிவ்கள் எடுத்து ஒன்றை அமெரிக்காவுக்கு அனுப்பினார். ஆனாலும் முதலில் போன பணம் போனதுதான்.

வாரத்துக்கு ஆயிரம் அடி

1908-ல் எடிசன் கம்பெனி மற்றப் பெரிய கம்பெனிகளைச் சேர்த்து ஒரு கூட்டு அமைத்தது. மெலியேசின் கம்பெனியும் அதில் சேர்ந்தது. வாரத்துக்கு ஆயிரம் அடி பிலிம் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

மூன்று மாதம் உழைத்துக் கால் மணி நேரப் படம் எடுத்தவர் அவர். வாரா வாரம் ஆயிரம் அடிக்கு எங்கே போவார்? அந்த ஆண்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை அவசர அவசரமாக எடுத்தார். பழைய நேர்த்தி அவற்றில் குறைந்தது.

1909-ல் பாரிசில் படத் தயாரிப்பாளர்களின் சர்வதேச மகாநாடு கூடியது. மெலியேஸ்தான் தலைவர். பிலிமின் ஓரத்தில் உள்ள துளைகள் எந்த நாட்டிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று அங்கே முடிவு செய்தார்கள். எந்தப் படத்தையும் எந்த யந்திரத்திலும் ஓட்ட இது வழி செய்தது. அதே மகாநாட்டில் இன்னொரு முடிவும் ஆயிற்று. படங்களை இனி விற்பதில்லை, வாடகைக்கு விடுவது என்பதே அது. பெரிய கம்பெனிகளுக்கு அது நல்லது. தனி ஆளாகத் தொழில் செய்த மெலியேசுக்கு அது பிடிக்கவில்லை. முதலை முடக்கி வைத்துக் காத்திருக்க அவரிடம் பணம் இல்லை.

அவர் பக்கத்திலும் குறை உண்டு. அவருடைய காமிரா நாடகக் கொட்டகையில் முன்வரிசையின் நடுவே உட்கார்ந்தவரைப் போல அசையாமல் இருக்கும். கிட்டே போகாது, திரும்பாது. மற்றவர்கள் காமிராவைத் தெருவுக்கும் மலைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். நடிகரின் முகத்தருகே கொண்டுபோனார்கள். ஜனங்களின் ருசி மாறியது. மெலியேஸ் மாறவில்லை. தந்திரத்தில் காட்டிய அக்கறையைக் கதையில் அவர் காட்டவும் இல்லை.

1911-ல் சார்லஸ் பாத்தே என்ற பெரும் பட முதலாளியிடம் பணம் வாங்கினார். வீடும் ஸ்டூடியோவும் ஈடு. 1912-ல் "துருவத்தை வென்றவர்கள்" படத்துக்குப் பனி ராட்சசன் ஒருவனைப் பிரம்மாண்டமாகச் செய்தார். தலையும் கையும் அசையும். ஆட்களைத் தூக்கி விழுங்கும். அந்த ராட்சசனை இன்று பார்த்தாலும் வேலைத்திறன் தெரிகிறது. ஆனால் படம் ஓடவில்லை. அவர் படங்களைப் பாத்தேயின் ஆட்கள் இஷ்டம்போல் வெட்டவும் செய்தார்கள். 1913-ல் படம் எடுப்பதே நின்றது. அதே ஆண்டில் மனைவி யூஜனியும் காலமானார்.

பூட்ஸ் குதிகால்

அடுத்த ஆண்டில் முதல் உலக யுத்தம் மூண்டது. ஸ்டூடியோ காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாயிற்று. யுத்த காலத்தில் பிரெஞ்சு ராணுவம் அவருடைய படப் பிரதிகளில் நானூறுக்கும் மேற்பட்டவற்றை எடுத்துக்கொண்டு போய் உருக்கியது. பிலிமில் உள்ள வெள்ளியைப் பிரித்தார்கள். மிச்சத்தைப் பூட்ஸ் குதிகாலுக்கு உபயோகித்தார்கள். பூட்ஸ் வேண்டாம் என்று ஓடி வந்தவரின் படங்கள் பூட்சாகப் போயின!

1923-ல் கடனுக்காக மாந்த்ரேய் சொத்து கைவிட்டுப் போயிற்று. ராபர்ட் ஊடன் அரங்கையும் அதே ஆண்டில் சாலைக்காக இடித்துவிட்டார்கள். மிச்சமிருந்த நெகடிவ்களை வைக்க இடம் இல்லை. ஆத்திரமும் துக்கமும் மேலிட, தோட்டத்தில் குவித்து மெலியேஸ் தாமே நெருப்பு வைத்தார். காட்சித் திரைகளும் உடைகளும் எரிந்தன.

பொம்மைக் கடை

ஜேன் டால்சி என்ற நடிகை அவர் அரங்கிலும் படங்களிலும் நடித்தவர். எலும்புக்கூடாக மாறிய பெண் அவர்தான். பாரிசில் மான்பர்னாஸ் ரயில் நிலையத்தில் அந்த அம்மாள் பொம்மையும் மிட்டாயும் விற்கும் சிறு கடை வைத்திருந்தார். 1925-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். மெலியேஸ் கடையில் உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டிய வயது. குளிர் காலத்திலும் காலை முதல் இரவு வரை கடை திறந்திருக்கும். பொம்மை வாங்கிப் போன குழந்தைகளுக்கு, சந்திரனுக்குப் போய் வந்த வானசாஸ்திரி இவர்தான் என்று தெரியாது.

1920-களின் பிற்பகுதியில் லியோன் ட்ரூவோ என்ற சினிமாப் பத்திரிகை ஆசிரியர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். பத்திரிகைகள் எழுதின. பழைய சுருள்கள் சில தேடி எடுக்கப்பட்டன. 1929-ம் ஆண்டு டிசம்பரில் பாரிசின் பெரிய இசை மண்டபம் ஒன்றில் விழா நடந்தது. திரையில் ஒரு சிறு படம். மெலியேஸ் வழி தெரியாமல் தெருத் தெருவாக அலைகிறார். தம் பெயர் போட்ட சுவரொட்டியைக் கண்டு அதன்மேல் பாய்கிறார். விளக்கு எரிகிறது. காகிதத் திரையைக் கிழித்துக்கொண்டு மெலியேசே மேடையில் நிற்கிறார். மண்டபம் அதிர்ந்தது.

1931-ல் பிரெஞ்சு அரசின் லீஜன் ஆப் ஆனர் விருது கிடைத்தது. பதக்கத்தை அவர் சட்டையில் குத்தியவர் லூயி லூமியேர். 36 ஆண்டுகளுக்கு முன் காமிராவை விற்க மறுத்த அதே குடும்பம்.

பதக்கத்தால் அடுப்பு எரியவில்லை. கடை தொடர்ந்தது. 1932-ல் சினிமாத் தொழிலாளரின் சங்கம் ஓர்லி என்ற ஊரில் உள்ள முதியோர் இல்லத்தில் இடம் கொடுத்தது. மெலியேஸ், மனைவி, பேத்தி மூவரும் அங்கே குடிபோனார்கள். 1936-ல் ஆன்றி லாங்லுவா முதலிய இளைஞர்கள் பழைய படங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். ஓர்லியிலேயே ஒரு பாழ் கட்டிடத்தை வாடகைக்கு எடுத்துப் படங்களை அடுக்கினார்கள். சாவி மெலியேசிடம் இருந்தது. தம் படங்களைத் தாமே எரித்தவர், ஊரார் படங்களுக்குக் காவல் இருந்தார். அந்தச் சேகரிப்புத்தான் பிறகு பிரான்ஸ் நாட்டின் பெரிய சினிமாக் காப்பகமாக வளர்ந்தது.

1938-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி மெலியேஸ் புற்றுநோயால் காலமானார்.

அவர் எடுத்தவை ஐந்நூறுக்கு மேல். உலகின் பல மூலைகளிலிருந்து மீண்டவை சுமார் இருநூறு. "சந்திரப் பிரயாண"த்தின் வண்ணப் பிரதி மட்டும் அகப்படவே இல்லை. 1993-ல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் ஒரு சுருள் வெளிப்பட்டது. பிலிம் ஒன்றோடொன்று ஒட்டி மரக்கட்டை போல் இறுகியிருந்தது. 1999 முதல் கட்டம் கட்டமாகப் பிரித்தெடுத்தார்கள். அப்படிப் பிரித்தவை பதின்மூன்றாயிரத்துக்கும் மேல். உடைந்துபோன இடங்களைக் கறுப்பு வெள்ளைப் பிரதியைக் கொண்டு நிரப்பி, கம்ப்யூட்டரில் வண்ணம் சேர்த்தார்கள். 2011-ம் ஆண்டு மே மாதம் கான் பட விழாவில் அது திரையிடப்பட்டது.

பீரங்கி வெடிக்கும் காட்சியில் ஒரு அதிகாரி கொடியை அசைக்கிறார். அது பிரெஞ்சுக் கொடி அல்ல; சிவப்பும் மஞ்சளுமான ஸ்பெயின் கொடி. ஸ்பெயினில் படம் வாங்கிய கொட்டகைக்காரருக்காகக் கொடிக்கு அந்த நிறங்களைத் தீட்டியிருக்கிறார்கள்.